குதிரை வயிற்றுக்குள் ஐந்து வாரம்: எடின்பரோ ஆன்லைன் படிப்பை முடித்த ரைடிங் டீச்சர் எழுதுவது

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்தப் படிப்பை முடித்தால் சம்பளம் கூடுமா என்று தெரிந்துகொள்ள வந்தவர்கள் இங்கேயே திரும்பிவிடலாம், கூடாது. எனக்குக் கூடவில்லை. சர்டிபிகேட்டை பிரிண்ட் எடுத்துப் போய்க் காட்டினேன், முதலாளி "ரொம்ப சந்தோசம்ங்க டீச்சர், ஆபீஸ்ல ஃபிரேம் போட்டு மாட்டிரலாம்" என்றார், ஆறு மாதமாகிறது, ஃபிரேமும் வரவில்லை. ஆனாலும் ஐந்துக்கு நாலரை ஸ்டார் கொடுக்கிறேன். ஏன் என்று சொல்லத்தான் இவ்வளவு நீளம், பொறுமை இருப்பவர்கள் படியுங்கள்.

படிப்பின் பெயர் 'ஈக்வைன் நியூட்ரிஷன்', அதாவது குதிரைக்கு என்ன தீவனம், எவ்வளவு, ஏன். எடின்பரோ பல்கலைக்கழகம் 2013 ஜனவரியில் கோர்ஸெரா என்ற ஆன்லைன் படிப்புத் தளத்தில் முதன்முதலாகத் தொடங்கிய ஆறு படிப்புகளில் இதுவும் ஒன்று. ஜோ-ஆன் மரே என்ற பேராசிரியை எடுக்கிறார். மொத்தம் ஐந்து வாரம், குதிரையின் உணவுக்குழாய் தொடங்கி, எது எங்கே செரிக்கிறது, எந்தத் தீவனத்தில் என்ன இருக்கிறது, ஒரு குதிரைக்கு எப்படிக் கணக்குப் போடுவது என்று போய், தீவனத்தால் நோய் வந்த குதிரைக்கு என்ன கொடுப்பது என்பதில் முடிகிறது. நான் பார்த்தபோது பாடம் கேட்பது இலவசம், சர்டிபிகேட்டுக்குத்தான் காசு. சேரும் முன் இப்போதைய கட்டணத்தை ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள்.

என்னைப் பற்றிக் கொஞ்சம். பன்னிரண்டு வருடம் மெட்ரிக் பள்ளியில் பயாலஜி எடுத்தேன். கல்லூரியில் என்சிசி குதிரைப் பிரிவில் இருந்த பழக்கம், அது விடவே இல்லை. ஒரு நாள், செரிமான மண்டலம் படம் வரைந்து பாகம் குறி, ஐந்து மார்க் என்று இருபத்துநாலாவது செக்‌ஷனுக்கோ என்னவோ சொல்லிக்கொண்டிருக்கும்போது, இதை நான் சொல்லவில்லை, என் வாய் தானாகச் சொல்கிறது என்று தோன்றியது. அந்த வருடக் கடைசியில் பேப்பர் போட்டுவிட்டு கோயம்புத்தூருக்கு வெளியே ஒன்பது குதிரைகள் இருக்கும் ஒரு ரைடிங் ஸ்கூலில் சேர்ந்தேன். சம்பளம் பாதி. வீட்டில் என்ன சொன்னார்கள் என்று எழுத வேண்டாம், உங்களுக்கே தெரியும்.

குதிரையோடு வேலை என்றால் தினமும் மனசு நிறையும் என்று நினைத்துக்கொண்டு வருகிறவர்களுக்கு என் முதல் வருடத்தைச் சொல்கிறேன். காலை ஆறு மணி பேட்ச், ஏழு மணி பேட்ச், சனி ஞாயிறு என்றால் கூட இரண்டு பேட்ச். குதிகாலை இறக்கு, மேலே பார், லகானை இழுக்காதே, மூச்சு விடு. இந்த நாலு வாக்கியத்தைத்தான் நாள் முழுக்கச் சொன்னேன். வேலிக்கு வெளியே அம்மா அப்பா போன் வைத்துக்கொண்டு நிற்பார்கள், பிள்ளை கீழே விழாமல் ஒரு சுற்று வந்தால் போதும், ஸ்டேட்டஸ் போட்டுவிடலாம். ஸ்கூலில் போர்ஷன், இங்கே பேட்ச். பெயர்தான் மாறியது. குதிரையின் மேல் உட்காரச் சொல்லித் தருகிறேனே தவிர குதிரையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லித் தரவில்லை, சொல்லித் தரும் அளவுக்கு எனக்கும் தெரியாது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் நாளாயிற்று.

ஒப்புக்கொள்ள வைத்தது ராணி. வெள்ளைப் பெட்டைக் குதிரை, பிள்ளைகளுக்கு என்றே பிறந்தது மாதிரி சாது. ஒரு சனிக்கிழமை கூட்டம் அதிகம், "தெம்பு வேணும்" என்று காலையிலேயே இரண்டு கிலோ மக்காச்சோளம் வைக்கச் சொல்லியிருந்தார்கள், நானும் பக்கத்தில்தான் நின்றேன், வாயைத் திறக்கவில்லை. அன்றைக்குச் சாயந்திரமே வயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்த்தது, முன்காலால் தரையைப் பறித்தது, படுத்து உருண்டது. கோலிக், அதாவது குதிரைக்கு வரும் கடுமையான வயிற்றுவலி. டாக்டர் வருவதற்குள் மூன்று மணி நேரம் நானும், குதிரைகளைப் பராமரிக்கும் சைஸ் அண்ணனும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டோம், உருள விடாமல் மெதுவாக நடத்திக்கொண்டே இருந்தோம். பிழைத்துவிட்டது. ஆனால் காத்திருந்த அந்த நேரத்தில் அண்ணன் என்னிடம் கேட்டார், "ஏனுங் அம்மிணி, நீங்க பயாலஜி டீச்சர்தானுங்ளே, மாடு எவ்வளவு தின்னாலும் அசை போட்டுட்டுக் கெடக்குது, இதுக்கு மட்டும் ஏனுங் இப்படி ஆகுது?" எனக்கு மாட்டின் நாலு அறை வயிறு தூக்கத்தில் கேட்டாலும் வரும். குதிரைக்குப் பதில் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமையே இந்தப் படிப்பைத் தேடிப் பிடித்துச் சேர்ந்துவிட்டேன்.

முதல் வாரத்திலேயே அவர் கேட்டதற்குப் பதில் இருந்தது. நம் ஊரில் குதிரைக்குத் தீவனம் வைப்பவர்கள் பாதிப்பேர் மாடு வளர்த்துப் பழகியவர்கள், குதிரைக்குக் குர்ரம் என்றால் ஆனைக்கு அர்ரம் என்கிற கதைதான். மாட்டுக்கு நுண்ணுயிரிகள் இருக்கும் பெரிய தொட்டி முன்னால் இருக்கிறது, குதிரைக்கு அது பின்னால், பெருங்குடலில். குதிரையின் இரைப்பை அந்த உடம்புக்கு ரொம்பச் சின்னது, எட்டிலிருந்து பதினைந்து லிட்டர், நம் பிளாஸ்டிக் குடம் அளவு என்று வைத்துக்கொள்ளுங்கள். வாந்தியும் எடுக்க முடியாது, போனது போனதுதான். மாவுச்சத்து சிறுகுடலில் செரித்தாக வேண்டும், அங்கே செரிக்க முடியாத அளவு கொட்டினால் மிச்சம் பெருங்குடலுக்குப் போய் அங்கே நொதித்து, அமிலம் கூடி, நார் செரிக்கும் நுண்ணுயிரிகள் செத்து, வாயு, வலி, இன்னும் மோசமானால் குளம்புக்குள் வீக்கம் வரை கொண்டுபோய்விடும். ஒரு வேளைக்கு, உடல் எடையில் கிலோவுக்கு ஒரு கிராம் மாவுச்சத்துக்கு மேல் போகாமல் இருப்பது நல்லது என்பது இப்போது பொதுவாகச் சொல்லும் கணக்கு.

சரி, ராணியின் எடை எவ்வளவு? யாருக்கும் தெரியாது. முதலாளி நானூற்றைம்பது இருக்கும் என்றார். குதிரையை எடை போடும் மெஷின் எங்கே இருக்கிறது. அதற்கு ஒரு வழி உண்டு: முன்காலுக்குப் பின்னால், சேணத்தின் வார் போகும் இடத்தில், மார்புச் சுற்றளவை சென்டிமீட்டரில் எடுத்து, அதை அதனாலேயே பெருக்கி, தோள் முனையிலிருந்து பின்பக்கப் பிட்ட எலும்பு முனை வரை உள்ள நீளத்தால் பெருக்கி, 11,900 ஆல் வகுத்தால் ஏறக்குறைய கிலோ வரும். தையல் டேப் 150 சென்டிமீட்டர்தான், சுற்றி வராது, இரண்டை ஊசிநூலால் ஒட்டுப் போட்டேன். ராணிக்குச் சுற்றளவு 168, நீளம் 152. போட்டுப் பாருங்கள், 360 கிலோ. சைஸ் அண்ணன் பக்கத்தில் நின்று வெறும் கண்ணால் பார்த்துச் சொன்னது "முந்நூத்தம்பது". பத்து கிலோ வித்தியாசம்! அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தைக்கு ஆடி தவறாமல் போய்க் குதிரை பார்த்த கண் அது.

360 கிலோவுக்கு ஒரு வேளை மாவுச்சத்து 360 கிராம். மக்காச்சோளத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு மாவுச்சத்து. இரண்டு கிலோ என்றால் ஆயிரத்து முந்நூறு கிராம், மூன்றரை மடங்குக்கு மேல். நோட்டில் இந்தக் கணக்கை எழுதிவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

இன்னொரு கணக்கும் போட்டேன், அது இன்னும் மோசம். குதிரைக்கு ஒரு நாளைக்கு உடல் எடையில் குறைந்தது ஒன்றரை சதவீதம் புல் வகை வேண்டும், ஆனால் அது தண்ணீர் நீங்கிய எடை. ராணிக்கு 5.4 கிலோ. நாங்கள் பச்சைப் புல் பதினைந்து கிலோ போடுகிறோம், தாராளம் என்று எல்லாரும் நினைத்துக்கொண்டிருந்தோம். பச்சைப் புல்லில் ஐந்தில் நாலு பங்கு தண்ணீர். பதினைந்து கிலோவில் மிஞ்சுவது மூன்றே கிலோ. அதாவது என் குதிரைகள் தினமும் அரைப் பட்டினி, அந்தப் பட்டினியை மக்காச்சோளத்தால் மூடிக்கொண்டிருந்தோம். ராத்திரி முழுக்க லாயத்தில் மரச்சட்டத்தைக் கடித்துக்கொண்டிருந்ததைச் சேட்டை என்று திட்டியிருக்கிறேன்.

இங்கேதான் நான் சொல்ல வந்ததே. இதை வெறும் படிப்பாக வைத்துக்கொண்டிருந்தால் மறந்திருப்பேன், பிஎட்டில் படித்ததெல்லாம் இப்போது எங்கே இருக்கிறது. நான் செய்தது, ஒவ்வொரு வாரமும் படித்ததை அடுத்த சனிக்கிழமை பிள்ளைகளுக்கு எடுத்துவிடுவது. ரைடிங் நாற்பது நிமிடம், அப்புறம் இருபது நிமிடம் லாயத்தில். பெற்றோர் சிலர் முனகினார்கள், "நாங்க ரைடிங்குக்குத்தான் ஃபீஸ் கட்டறோம்" என்றார் ஒருவர். நியாயம்தான், ஆனால் நான் விடவில்லை.

முதல் சனிக்கிழமை பழைய கட்டுக்கயிறுகளை எல்லாம் முடிச்சுப் போட்டு இருபது மீட்டருக்கு மேல் நீளமாக்கி மைதானத்தில் நேராகப் போட்டேன். இதுதான் ராணியின் சிறுகுடல். தலைப்பில் குடம், இரைப்பை. கடைசியில் இருபது லிட்டர் பெயிண்ட் வாளி ஒன்று, பக்கத்தில் பத்து லிட்டர் வாளி ஒன்று, இரண்டும் சேர்ந்து சீக்கம், அதாவது பெருங்குடலின் தொடக்கத்தில் இருக்கும் பை. அதற்கப்புறம் பெருங்குடல், அதற்குப் போதிய வாளி இல்லை, தண்ணீர்த் தொட்டியைக் காட்டினேன். பிள்ளைகள் கயிற்றின் மேலேயே நடந்து போனார்கள், ஒருத்தன் ஓடினான், "நான் கொள்ளு, நான் கொள்ளு" என்று கத்திக்கொண்டு. பன்னிரண்டு வருடம் கரும்பலகையில் வரைந்த படம் தரையில் கிடந்தது, ஒருவரும் மார்க் கேட்கவில்லை.

இரண்டாவது சனிக்கிழமை மெல்லுவதை எண்ணினோம். ஒரு கிலோ காய்ந்த புல்லைத் தின்ன குதிரைக்கு நாற்பது நிமிடம் போலப் பிடிக்கும், மூவாயிரம் தடவைக்கு மேல் மெல்லும். ஒரு கிலோ தானியம் என்றால் பத்து நிமிடம், ஆயிரம் தடவை, முடிந்தது. மெல்லும்போது மட்டும்தான் குதிரைக்கு எச்சில் ஊறும், ஆனால் இரைப்பையில் அமிலம் இருபத்துநாலு மணி நேரமும் சுரந்துகொண்டே இருக்கும். மெல்ல ஒன்றும் இல்லாவிட்டால் அமிலத்துக்கு மாற்று இல்லை, புண்தான். இதை வாயால் சொன்னால் மறந்துவிடுவார்கள் என்று ஆளுக்கொரு குதிரை, ஆளுக்கொரு போன் ஸ்டாப்வாட்ச், ஒரு நிமிடம் எண்ணுங்கள் என்றேன். எழுபத்தாறு, எண்பத்தொன்று, எழுபத்தொன்பது. ஒரு பெண் மட்டும் எண்ணவே இல்லை. கதவில் தாடையை வைத்துக்கொண்டு சுல்தானையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏன் எண்ணவில்லை என்று கேட்டேன். "மிஸ், ராணி எங்க தாத்தா வெத்தலை மெல்ற மாதிரி சைடு சைடா மெல்லுது. இது மேலயும் கீழயும் மட்டுந்தான் மெல்லுது. அப்புறம் துப்புது."

கீழே குனிந்து பார்த்தேன். சுல்தானின் தொட்டிக்கு அடியில் பாதி மென்ற புல், எச்சிலோடு உருண்டை உருண்டையாகச் சுருட்டு மாதிரி கிடந்தது. சுல்தான் கிழம், எப்போதும் எலும்பு தெரியும், வயசாகிவிட்டது என்று விட்டுவிட்டோம். குதிரைக்கு மேல்தாடை கீழ்த்தாடையைவிட அகலம், பக்கவாட்டில் அரைத்து அரைத்துத் தேயும்போது மேல்பல்லின் வெளிப்பக்கமும் கீழ்ப்பல்லின் உள்பக்கமும் தேயாமல் கத்தி மாதிரி நிற்கும், கன்னத்தைக் கிழிக்கும், வலிக்குப் பயந்து அது சரியாக மெல்லாது. டாக்டரை வரவழைத்துப் பல் ராவினோம். இரண்டு மாதத்தில் சுல்தானுக்கு விலா மேல் கொஞ்சம் சதை பிடித்தது. அந்தப் பெண்ணுக்கு ஒன்பது வயது, ட்ராட்டில், அதாவது குதிரை துள்ளுநடை போடும்போது, இன்னும் அங்கவடியில் எழுந்து உட்காரத் தடுமாறுகிறாள், அவளைப் போய் அவள் அப்பா, அதைவிட வேகமான ஓட்டமான கேண்டரைப் பற்றி, "இன்னும் கேண்டர் வரலையா" என்று கேட்டுக்கொண்டிருந்தார். நான் அவரைக் கூட்டிப் போய் சுல்தானைக் காட்டினேன். அவர் என்ன நினைத்தாரோ. எனக்கு அன்றைக்கு வீட்டுக்குப் போகவே மனசில்லை.

வேலையில் திருப்தி, திருப்தி என்கிறார்களே, எனக்கு அது இப்படித்தான் வந்தது, அதுவும் எதிர்பார்த்த திசையிலிருந்து வரவில்லை. நான் குதிரை ஏறியது எதிலும் அது வரவில்லை, போட்டியில் பிள்ளைகள் ரிப்பன் வாங்கியபோதும் ஒரு நாள் சந்தோசம், அவ்வளவுதான்.

இப்போது சைஸ் அண்ணனிடம் வருகிறேன், என் உண்மையான மாணவர் அவர்தான், அல்லது நான் அவருடைய மாணவி, இன்னும் முடிவாகவில்லை. ஊட்டி சீசனுக்கு ரேஸ் குதிரைகளோடு போய் வந்தவர், முப்பது வருட அனுபவம். படிப்பில் ஒரு விஷயம் கேட்டுவிட்டு மறுநாள் காலை அவரிடம் சொன்னால், பாதி நேரம் "அதைத்தானுங் நான் மொதல்லருந்து பண்றேன்" என்பார். உண்மை. புல் முதலில், கொள்ளு அப்புறம் என்று அவர் எப்போதும் பிடிவாதம் பிடிப்பார், நான் சம்பிரதாயம் என்று நினைத்தேன். நார் முன்னால் போய்ப் படுக்கை மாதிரி கிடந்தால் தானியம் மெதுவாக இறங்கும், அதுதான் காரணம். தீவனத்தைத் திடீரென்று மாற்றக் கூடாது, ஒரு வாரம் பத்து நாள் எடுத்துக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்ற வேண்டும் என்பதையும் அவர் செய்வார். கொள்ளை வேகவைக்காமல் வைக்க மாட்டார். காரணம் மட்டும் அவரிடம் இல்லை, காரணம் இல்லாததால்தான் முதலாளி சொல்லும்போது எதிர்த்துப் பேச அவரால் முடியவில்லை. மக்காச்சோளம் வேண்டாம் என்று அன்றைக்கு அவருக்கும் தெரிந்திருக்கிறது. "சொன்னா கேக்கவா போறாங்க" என்று விட்டுவிட்டார்.

இப்போது சொல்கிறார். போன மாதம் புதிதாக ஒரு பையன் வேலைக்குச் சேர்ந்தான், அவனிடம் குடத்தையும் வாளியையும் காட்டி "இத்தனூண்டு வயிறுடா இதுக்கு, நீ பாட்டுக்குக் கொட்டுனா எங்கடா போகும்" என்று விளக்கிக்கொண்டிருந்ததைச் சேணம் வைக்கும் அறைக்குள் இருந்து கேட்டேன். நான் சொன்னதைவிட நன்றாகச் சொன்னார். கொள்ளென்றால் வாயைத் திறக்கும், கடிவாளமென்றால் வாயை மூடும் என்று குதிரையைச் சொல்வார்கள், அந்தப் பையனும் அப்படித்தான், சம்பள நாளில்தான் காது கேட்கும், ஆனால் அன்றைக்கு வாயைப் பிளந்துகொண்டு கேட்டான்.

எல்லாவற்றுக்கும் அண்ணன் மசியவில்லை, அதையும் எழுதிவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி வெதுவெதுப்பாகத் தவிட்டுக் கஞ்சி, இது பழைய ராணுவ லாயங்களிலிருந்து வந்த வழக்கம், நம் ஊரில் எல்லா லாயத்திலும் உண்டு. கோதுமைத் தவிட்டில் கால்சியத்தைவிடப் பாஸ்பரஸ் பத்து மடங்கு போல அதிகம், தொடர்ந்து நிறையக் கொடுத்தால் உடம்பு எலும்பிலிருந்து கால்சியத்தை உருவும், முகத்து எலும்பு வீங்கும். மாவு மில் வைத்திருந்தவர்களின் குதிரைகளுக்குத் தவிடு தின்று தின்று வந்ததால் ஆங்கிலத்தில் இதற்கு மில்காரர் நோய் என்றே ஒரு பெயர் உண்டு. வாரத்தில் ஒரு நாள் மட்டும் வேறு தீவனம் என்பதும் வயிற்றுக்கு ஆகாது. எல்லாம் சொன்னேன். "நீங்க சொல்றது செரிதானுங்" என்றார், அடுத்த ஞாயிறும் கஞ்சி காய்ச்சினார். இப்போது ஒரு கைப்பிடிக்கு வந்து நிற்கிறது.

படிப்பில் எனக்குப் பற்றாதது எது என்றால், அதைக் குறை என்று சொல்ல மாட்டேன், அவர்கள் ஊர்க் குதிரைக்காக அவர்கள் செய்த பாடம். அங்கே மேய்ச்சல் நிலம், வைக்கோல் கலக்காத நல்ல காய்ந்த புல், அதாவது ஹே, காற்றுப் புகாமல் கட்டிவைத்த ஹேலேஜ். நம் கோ-4 புல்லும் சோளத்தட்டும் எடின்பரோவில் விளைவதில்லை. இங்கே நாமே மேற்கொண்டு படித்தாக வேண்டும். நான் படித்தவரை இரண்டு விஷயம் சொல்கிறேன், கொங்குப் பக்கம் குதிரை வைத்திருப்பவர்களுக்கு உதவும். பச்சைச் சோளத்தட்டு மாட்டுக்கே பார்த்துப் போட வேண்டியது, குதிரைக்கு இன்னும் ஆபத்து, தொடர்ந்து தின்றால் பின்கால் தள்ளாடும், சிறுநீர்ப்பை கெடும். அடுத்தது கோ-4, நம் வேளாண் பல்கலைக்கழகத்தில் உருவான கம்பு நேப்பியர் ஒட்டுப்புல், பால் மாட்டுக்கு அருமை. ஆனால் அதில் ஆக்சலேட் அதிகம், அது கால்சியத்தைக் கட்டிப்போட்டுவிடும். மாட்டின் முன்வயிற்றில் இருக்கும் நுண்ணுயிரிகள் அந்த ஆக்சலேட்டை உடைத்துவிடும், குதிரை அதைச் செய்வதற்குள் கால்சியம் உறிஞ்ச வேண்டிய இடம் தாண்டிப் போயிருக்கும். காங்கேயம் பக்கம் கொறங்காட்டில், அதாவது மேய்ச்சல் காட்டில், இருக்கிற கொழுக்கட்டைப்புல்லுக்கும் இதே பிரச்சினை. கோ-4ம் தவிடும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று நீங்களே கூட்டிக்கொள்ளுங்கள், எங்கள் லாயத்தில் இரண்டும் சேர்ந்துதான் இருந்தது.

இதற்கு அண்ணன் சொன்ன வைத்தியம் ஒன்றே ஒன்று, "குதிரைக்கு அருகம்புல்தானுங்". புத்தகத்திலும் அதுதான் இருந்தது, அருகில் ஆக்சலேட் குறைவு. கூடவே கொஞ்சம் குதிரைமசால், அதில் கால்சியம் தாராளம். பெயரிலேயே குதிரை இருக்கிறது, கோயம்புத்தூரைச் சுற்றி விளைகிறது, எங்கள் லாயத்துக்கு மட்டும் வரவில்லை, எல்லாம் மாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. இப்போது காய்ந்த அருகு, கொஞ்சம் குதிரைமசால், கோ-4 பாதிக்கும் கீழே. கொள்ளு ஒரு வேளைக்கு அரைக் கிலோவுக்குள், மக்காச்சோளம் நிறுத்தியாகிவிட்டது. செலவு கூடியது, முதலாளியிடம் நான் வாங்கிய பேச்சு தனிக் கட்டுரைக்கு ஆகும். ஆனால் அதற்கப்புறம் இன்றுவரை கோலிக் என்று டாக்டரை ராத்திரியில் எழுப்பவில்லை. இது ஒரே லாயத்தின் கதை, ஒன்பது குதிரை, அதை வைத்துப் பெரிதாக ஒன்றும் நிரூபிக்கவில்லை.

யாருக்கு இந்தப் படிப்பு ஆகும் என்றால், ரைடிங் ஸ்கூலில் சொல்லித் தருகிறவர்கள், சொந்தமாக ஒரு குதிரை வைத்திருப்பவர்கள், கால்நடை மருத்துவம் படிக்கப் போகிற பிள்ளைகள். குதிரை ஏறக் கற்றுக்கொள்ள நினைப்பவர்களுக்கு இது வேண்டாம், இதில் ஒரு நிமிடம்கூட சவாரி இல்லை. பேச்சு முழுக்க ஆங்கிலம், கலைச்சொற்கள் வந்துகொண்டே இருக்கும், பிளஸ் டூ பயாலஜி படித்தவர்களுக்குச் சிரமம் இல்லை, மற்றவர்கள் நிறுத்தி நிறுத்திக் கேட்க வேண்டும். வாரத்துக்கு எனக்கு மூன்று மணி நேரம் ஆயிற்று, குதிரைகள் தின்றுகொண்டிருக்கும்போது லாயத்தில் உட்கார்ந்தே கேட்டேன். வினாவிடை சுலபம், இரண்டாவது வாரத்தில் மட்டும் ஒருமுறை தோற்றேன், அதைப் பிள்ளைகளிடம் சொன்னதுதான் தப்பு. இதைப் படித்துவிட்டு வைத்தியம் பார்க்க ஆரம்பித்துவிடாதீர்கள், குதிரை வயிற்றைப் பிடித்துக்கொண்டால் டாக்டர்தான். கடைசி வாரம் நோய்க்கான தீவனம் பற்றியது, அதில் எனக்கு வேகம் போதவில்லை, இன்னொரு முறை கேட்க வேண்டும்.

அரை ஸ்டார் குறைத்தது நம் புல் அதில் இல்லை என்பதற்காக. அதை நாம்தான் எழுத வேண்டும் என்பது புரிகிறது, ஆனாலும் குறைத்துவிட்டேன்.

சேருகிறவர்கள் இரண்டு தையல் டேப் வாங்கிக்கொள்ளுங்கள், துணி டேப் வேண்டாம், இழுத்தால் நீளும். ஒட்டுப் போடும்போது முதல் டேப்பின் 150ம் இரண்டாவதின் பூஜ்யமும் சரியாக ஒன்றின் மேல் ஒன்று வரட்டும். நான் முதல் தடவை இரண்டு சென்டிமீட்டர் தள்ளித் தைத்துவிட்டு, ராணி ஒரே வாரத்தில் எட்டு கிலோ ஏறிவிட்டது என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.